நாட்பட்ட ஹெபடைடிஸ் உள்ளவர்கள் ஆன்டிபயாடிக் எடுக்கும்போது கல்லீரலைக் காத்துக்கொள்வது எப்படி?

ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ் ஆண்டுக்கணக்கில் உடலில் தங்கியிருக்கும் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்றோ, நுரையீரல் தொற்றோ, காசநோயோ வந்து ஆன்டிபயாடிக் எழுதித் தரப்படும்போது, அந்த மருந்து கல்லீரலை மேலும் கெடுத்துவிடுமோ என்ற கவலை நோயாளிக்கும் வீட்டாருக்கும் எழுவது இயல்பு. அந்தக் கவலையால் மருந்தையே தொடாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. தங்களுக்கு வைரஸ் இருப்பதை எழுதித் தரும் மருத்துவரிடம் சொல்லக் கூசி, கொடுத்ததை வாங்கி விழுங்கிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்கம் வரை போய்விட்டவர்களுக்குப் பாக்டீரியா தொற்றே பெரிய எமன். அவர்களுக்கு வேண்டிய ஆன்டிபயாடிக்கைத் தாமதப்படுத்துவது கல்லீரலைக் காப்பாற்றாது. மறுபுறம், வைரஸ் இருப்பதை அறியாத மருத்துவர் தொடக்கநிலைப் பரிசோதனை எதுவும் செய்யாமல் மருந்தைத் தொடங்கிவிட்டால், பின்னர் கண் மஞ்சளாகும்போது அதற்குக் காரணம் மருந்தா வைரஸா என்று பிரித்தறிய ஆதாரமே இல்லாமல் போகும்.

மருந்து தொடங்கும்முன் உங்கள் கல்லீரலின் நிலை என்ன, எடுக்கப்போகும் மருந்து பாதிப்பு உண்டாக்கினால் எத்தனை நாளில் உண்டாக்கும், எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு, மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பு பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த மூன்றையும் பற்றியதே. மருந்தை மாற்றுவதும் அளவைக் கூட்டிக் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் பொறுப்பு. கவனிப்பதும், கேட்பதும், காலத்தில் தெரிவிப்பதும் நீங்களும் வீட்டாரும் செய்யக்கூடியவை.

ஆபத்தின் உண்மையான அளவு

பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகள் கல்லீரலைத் தாக்குவது அரிது. இவ்வகைப் பாதிப்புக்கு மேலைநாடுகளில் முதலிடத்தில் சொல்லப்படும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் கூட்டு மருந்தையே எடுத்துக்கொண்டால், ஐஸ்லாந்தில் நாடு முழுவதையும் உள்ளடக்கி நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அதை எடுத்தவர்களில் ஏறத்தாழ 2,350 பேரில் ஒருவருக்கே கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டது. பாராசிட்டமாலைப் போல அளவு மீறினால் யாரையும் தாக்கும் நச்சு வகையைச் சேர்ந்தது அல்ல இது. சரியான அளவில் எடுத்தாலும் சிலருடைய மரபணு அமைப்பும் நோயெதிர்ப்பு அமைப்பும் அந்த மருந்துக்கு எதிர்பாராத விதமாக எதிர்வினை காட்டுவதால் வருவது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல அன்றாடப் பயன்பாட்டில் பரிசோதனை எதுவும் இல்லை.

ஹெபடைடிஸ் பி அல்லது சி இருப்பதாலேயே சாதாரண ஆன்டிபயாடிக்குகளால் பாதிப்பு வரும் வாய்ப்பு பலமடங்கு கூடிவிடுவதாகத் தெரியவில்லை. காசநோய் மருந்துகள் இதற்கு விதிவிலக்கு. அவற்றைப் பற்றித் தனியாகப் பின்னால் சொல்கிறேன். ஆனால் வந்துவிட்டால் தாங்கும் திறன் குறைவு என்பதுதான் எல்லா மருந்துகளுக்கும் பொருந்தும் உண்மை. அமெரிக்காவில் மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பல மருத்துவமனைகளில் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் 16 விழுக்காட்டினர் இறந்தனர். அத்தகைய நோய் இல்லாதவர்களில் அது 5.2 விழுக்காடு. வைரஸ் பல ஆண்டுகளாக அரித்துவைத்த கல்லீரலில் கையிருப்பு குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். ஆகவே பாதிப்பு வருமா என்று கவலைப்படுவதைவிட, வந்தால் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிப்போம் என்பதில் கவனத்தைச் செலுத்துவதே பயன் தரும்.

மருந்து தொடங்கும்முன்

உங்கள் கல்லீரல் பரிசோதனை முடிவுகளை ஒரே கோப்பில், தேதி வரிசையில் வைத்திருங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதிகள்), அல்கலைன் பாஸ்படேஸ் (பித்தம் தேங்கும்போது ஏறும் நொதி), மொத்த பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி), அல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் அளவு), ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகியவை. இவற்றுடன் கடைசியாக எடுத்த வைரஸ் அளவும், ஸ்கேன் அல்லது கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் அறிக்கையும் இருந்தால் இன்னும் நல்லது. இவற்றில் எஸ்.ஜி.பி.டி. மட்டுமே பெரும்பாலானோர் நினைவில் வைத்திருப்பது. ஆனால் அல்புமின் குறைந்திருப்பதும், ஐ.என்.ஆர். கூடியிருப்பதும், தட்டணுக்கள் குறைந்திருப்பதும்தான் கல்லீரல் சுருக்கத்தைக் காட்டிக்கொடுப்பவை. எஸ்.ஜி.பி.டி. இயல்பாக இருக்கும் ஒருவருக்கும் சிரோசிஸ் இருக்கக்கூடும்.

ஆய்வக அறிக்கையில் எஸ்.ஜி.பி.டி.க்கு அச்சிட்டிருக்கும் மேல்வரம்பு பெரும்பாலும் 40 அலகை ஒட்டியிருக்கும். நாட்பட்ட ஹெபடைடிஸ் உள்ள பலருக்கு எந்த மருந்தும் எடுக்காத நாளிலேயே எஸ்.ஜி.பி.டி. 60, 80 என்று இருப்பதுண்டு. அவர்களுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கியபின் 85 என்று ஒரு முடிவு வந்தால், பழைய அறிக்கை கையில் இல்லாத மருத்துவர் அதை மருந்தின் விளைவாக எண்ணித் தேவையான மருந்தை நிறுத்திவிடக்கூடும். வழக்கமாக 25 இருந்தவருக்கு 85 வந்தாலோ, அது மூன்று மடங்குக்கும் மேலான உயர்வு. எண் ஒன்றேயானாலும் பொருள் வேறு. ஆகவே ஒரு வாரத்துக்கு மேல் நீளும் எந்த ஆன்டிபயாடிக்கும் தொடங்கும்போது, கடைசிப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால், முதல் மாத்திரைக்கு முன்போ அதே நாளிலோ ரத்தம் கொடுத்துவிடுவது நல்லது. கடும் காய்ச்சலில் மருந்தை உடனே தொடங்க வேண்டியிருந்தால் முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ரத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கிவிடலாம்.

எழுதித் தருபவர் பல் மருத்துவராக இருந்தாலும், தோல் மருத்துவராக இருந்தாலும், உங்களுக்கு எந்த வைரஸ் உள்ளது, சிரோசிஸ் உள்ளதா இல்லையா, இப்போது எந்த வைரஸ் எதிர்ப்பு மாத்திரை எடுக்கிறீர்கள் என்பவற்றை அவர் கேட்காமலே நீங்கள் சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி பற்றி வெளியே தெரிந்தால் வேலையிலும் திருமணப் பேச்சிலும் சிக்கல் வருமென்று அஞ்சி மறைப்பவர்களின் வேதனை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் மருத்துவர் அறைக்குள் அதை மறைப்பதால் உண்டாகும் கேடு வெளியுலகம் தரும் கேட்டைவிடப் பெரிது. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் கோப்பைத் திறந்து மேசையில் வையுங்கள், அதுவே போதும்.

இந்த மருந்து உண்மையில் தேவையா என்று கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது. சளி, தொண்டைக் கரகரப்பு, வைரஸ் காய்ச்சல், பெரும்பாலான வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. மருந்துக் கடையில் அறிகுறியைச் சொல்லி மூன்று நாள் மாத்திரை வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை நாட்பட்ட ஹெபடைடிஸ் உள்ளவர்கள் அடியோடு விட்டுவிட வேண்டும். இந்தியாவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கோடு அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கோட்டைக் கண்டால் கடைக்காரரின் பரிந்துரையில் வாங்காதீர்கள்.

எந்த மருந்து, எப்போது தாக்கும்

கடைகளில் 625 என்ற எண்ணாலேயே அறியப்படும் மாத்திரையில் 500 மி.கி. அமாக்ஸிசிலினும் 125 மி.கி. கிளாவுலானிக் அமிலமும் உள்ளன. கல்லீரல் பாதிப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது கிளாவுலானிக் அமிலம்தான். தனி அமாக்ஸிசிலினால் பாதிப்பு மிகவும் அரிது. ஆகவே தொற்றின் தன்மைக்குத் தனி அமாக்ஸிசிலினோ வேறு மருந்தோ போதுமா என்று கேட்டுப் பார்ப்பதில் பொருளுண்டு. இந்த மருந்தின் மிகவும் ஏமாற்றும் குணம் அதன் காலக்கணக்கு: பாதிப்பு சராசரியாக மூன்றாவது வாரத்தில் தலைகாட்டும், எட்டு வாரம் வரைகூட ஆகலாம். ஐந்து நாள் மாத்திரையை முடித்து, தொற்று குணமாகி, மருந்தையே மறந்துவிட்ட பிறகு அரிப்பும் மஞ்சள் நிறமும் வரும். அப்போது நோயாளியும் மருத்துவரும் வைரஸைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். வயதான ஆண்களுக்கு இது சற்றுக் கூடுதலாக வருகிறது. இந்த மாத்திரையை எடுத்த நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதிலிருந்து எட்டு வாரம் சிறுநீரின் நிறத்தையும் கண்ணையும் கவனியுங்கள். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு இத்தகைய குறுகிய காலச் சிகிச்சையில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. அறிகுறி தெரிந்தவுடன் செய்தால் போதும் என்பது என் கருத்து. சிரோசிஸ் உள்ளவர்கள் இரண்டாம் வாரத்திலும் நான்காம் வாரத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

அஸித்ரோமைசின் பொதுவாக மூன்று அல்லது ஐந்து நாள் மட்டுமே தரப்படுவதால் தீங்கற்றது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அரிதாக இது கல்லீரலைத் தாக்கும்போது, மாத்திரை தொடங்கி ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் பாதிப்பு வரும். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களிடையே இம்மருந்தின் பங்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. சிப்ரோஃப்ளாக்ஸசின், லீவோஃப்ளாக்ஸசின் போன்றவை மாறாக விரைவாகவே, முதல் இரண்டு வாரங்களுக்குள் தாக்கக்கூடியவை. ஆயினும் இது மிகவும் அரிது என்பதால், காசநோய் மருந்துகளை நிறுத்த நேரும் கல்லீரல் நோயாளிகளுக்கு மாற்றாகக் கொடுப்பதே லீவோஃப்ளாக்ஸசின்தான். கோட்ரைமாக்ஸசோலால் வரும் பாதிப்பு காய்ச்சலோடும் தோல் தடிப்போடும் சேர்ந்து வரும். அந்த இரண்டும் சேர்ந்து கண்டால் அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்றைத் தடுக்க மாதக்கணக்கில் எடுக்கப்படும் நைட்ரோஃப்யூரன்டாயினும், முகப்பருவுக்கு நீண்ட நாள் தரப்படும் மினோசைக்ளினும் வேறு வகை. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்குவது போன்ற மெதுவான அழற்சியை அவை மாதங்கள் கடந்தபின் உண்டாக்கக்கூடும். நாட்பட்ட ஹெபடைடிஸ் உள்ளவருக்கு இது வைரஸின் போக்காகவே தோன்றி மறைந்துகொள்ளும் என்பதால், இவற்றை நீண்ட காலத்துக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. செஃப்ட்ரையாக்சோன் ஊசி பித்தப்பையில் மண்டி போலப் படிந்து வலி தரலாம். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் கல்லீரலைத் தொடுவதில்லை, ஆனால் சிரோசிஸ் உள்ளவரின் சிறுநீரகத்தை எளிதில் செயலிழக்கச் செய்யும். கல்லீரலுக்குப் பாதுகாப்பு என்று கேள்விப்பட்டு அவற்றை நாமாகக் கேட்டு வாங்கக் கூடாது.

காசநோய்ச் சிகிச்சை: மிகுந்த கவனம் வேண்டிய இடம்

உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவர்களும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே உடலில் சேர்வது இங்கே அரிதல்ல. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து 2010இல் வெளியான ஆய்வில், மருந்தால் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த 313 பேரில் 58 விழுக்காட்டினருக்குக் காரணம் காசநோய் மருந்துகளே. மேலைநாடுகளின் பட்டியலை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது என்பதை இது காட்டுகிறது.

வழக்கமான சிகிச்சையில் முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்ப்யூட்டால் என்ற நான்கும், அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் நீங்கிய மூன்றும், உடல் எடைக்கேற்ற எண்ணிக்கையில் கூட்டு மாத்திரைகளாகத் தினமும் தரப்படுகின்றன. இவற்றில் எதாம்ப்யூட்டால் கல்லீரலைப் பாதிப்பதில்லை என்றே சொல்லலாம். மற்ற மூன்றில் பைரசினமைட் மிகக் கடுமையானது. ஐசோனியசிட்டைக் கல்லீரல் உடைக்கும்போது உண்டாகும் துணைப்பொருள்கள் அதன் செல்களையே தாக்குகின்றன. அந்தப் பொருள்களை மெதுவாக வெளியேற்றும் மரபணு அமைப்பு உள்ளவர்களுக்குப் பாதிப்பு கூடுதல். ரிஃபாம்பிசின் தனியாகக் கெடுப்பது குறைவு, ஆனால் ஐசோனியசிட்டோடு சேரும்போது பாதிப்பைக் கூட்டுகிறது. வைரஸ் தீவிரமாகப் பெருகிக்கொண்டிருக்கும் ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும், மதுவும், முதுமையும், ஊட்டக்குறைவும் இதனுடன் சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது.

இருந்தும், ஹெபடைடிஸ் வைரஸ் இருப்பதனால் மட்டும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றத் தேவையில்லை. கல்லீரல் நோய்க்கான வெளிப்படையான அறிகுறிகள் இல்லாதவர்களுக்கு வழக்கமான மருந்துகளையே நெருங்கிய கண்காணிப்புடன் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. சிரோசிஸ் உள்ளவர்களுக்குப் பைரசினமைட்டைத் தவிர்த்து, மற்ற மூன்றையும் ஒன்பது மாதம் தருவது ஒரு வழி. கல்லீரல் மிகவும் சீர்குலைந்தவர்களுக்கு, அதைப் பாதிக்கும் மருந்து ஒன்றே ஒன்று உள்ள கூட்டோ, ஒன்றுமே இல்லாத நீண்ட காலக் கூட்டோ தேர்ந்தெடுக்கப்படுகிறது. இந்தத் தேர்வைக் காசநோய் மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் சேர்ந்து செய்ய வேண்டும். இருவருக்கும் இடையே கோப்பைச் சுமந்து செல்லும் வேலை பெரும்பாலும் குடும்பத்தின் தலையில் விழுகிறது என்பதால், இருவரின் சீட்டுகளையும் ஒருவர் மற்றவருக்குத் தவறாமல் காட்டுங்கள்.

முதல் மாத்திரைக்கு முன் முழுக் கல்லீரல் பரிசோதனையும், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு வைரஸ் அளவும் பார்க்கப்பட வேண்டும். பிறகு முதல் இரண்டு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், அதன்பின் மாதம் ஒருமுறையும் ரத்தம் கொடுங்கள். பாதிப்புகளில் பெரும்பகுதி இந்த முதல் இரண்டு மாதத்திலேயே வருகிறது. ஐசோனியசிட் எடுப்பவர்களில் பத்து முதல் இருபது விழுக்காட்டினருக்கு எஸ்.ஜி.பி.டி. சிறிது ஏறி, மருந்தைத் தொடரும்போதே தானாக இறங்கிவிடும். அந்தச் சிறு ஏற்றத்தைக் கண்டு அஞ்சி நிறுத்தினால், குணமாகாத காசநோயும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிஞ்சும். நிறுத்துவதற்கான வரம்பு தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது: குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காமாலை போன்ற அறிகுறியுடன் எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பின் மூன்று மடங்கைத் தாண்டினாலோ, அறிகுறியே இல்லாமல் ஐந்து மடங்கைத் தாண்டினாலோ கல்லீரலைப் பாதிக்கும் மருந்துகள் அனைத்தும் நிறுத்தப்படும். தொடக்கத்திலேயே எண் மிகவும் உயர்ந்திருந்தவர்களுக்கு, அந்தத் தொடக்க அளவின் இரண்டு அல்லது மூன்று மடங்கை வரம்பாகக் கொள்வது வழக்கம்.

ரிஃபாம்பிசின் சிறுநீரையும் வியர்வையையும் கண்ணீரையும் செம்மஞ்சளாக்கும். இது காமாலை அல்ல. மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்தில் நிறம் அடர்த்தியாகி, பின்னர் வெளிறும். கண்ணின் வெண்பகுதி வெண்மையாகவே இருக்கும். காமாலையின் சிறுநீரோ நாள் முழுதும் கடும் பழுப்பாக இருக்கும், கண்ணும் மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் கீழிமையை இழுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். குழல்விளக்கின் கீழ் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மருந்துகள் நிறுத்தப்பட்டபின் எஸ்.ஜி.பி.டி. மேல்வரம்பின் இரண்டு மடங்குக்குக் கீழ் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒவ்வொரு மருந்தாக, இடையில் சில நாள் விட்டுப் பரிசோதித்தபடி மீண்டும் தொடங்குவார்கள். பொதுவாக ரிஃபாம்பிசின் முதலிலும், ஐசோனியசிட் அடுத்தும் வரும். பாதிப்பு கடுமையாக இருந்திருந்தால் பைரசினமைட்டை மீண்டும் தருவதில்லை. காசநோய் முற்றிய நிலையில் இருப்பவர்களை இந்த இடைவெளியில் மருந்தின்றி விட முடியாது. எதாம்ப்யூட்டால், லீவோஃப்ளாக்ஸசின் போன்ற, கல்லீரலுக்கு மென்மையான கூட்டு ஒன்று தரப்படும். வீட்டில் மீதமிருக்கும் பழைய கூட்டு மாத்திரையை நீங்களாக எடுத்து இந்த வரிசையைக் குலைத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரைக்குள் நான்கு மருந்தும் இருப்பதை மறக்கக் கூடாது.

வைரஸ் எதிர்ப்பு மருந்துகளோடு ரிஃபாம்பிசினுக்கு உள்ள முரண்பாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஹெபடைடிஸ் சி வைரஸை 12 வாரத்தில் பெரும்பாலும் முற்றிலும் அழித்துவிடும் சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர், வெல்படாஸ்விர் மாத்திரைகளின் அளவை ரிஃபாம்பிசின் ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஹெபடைடிஸ் சி சிகிச்சை தோற்றுப்போகும். ஆகவே வழக்கமாகக் காசநோய்ச் சிகிச்சையை முடித்தபிறகே இதைத் தொடங்குவார்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தரப்படும் டெனோஃபோவிர் இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. அலாஃபெனமைட் வடிவத்தை ரிஃபாம்பிசினோடு சேர்க்கக் கூடாது. டைசோப்ராக்சில் வடிவத்தையும் என்டெகாவிரையும் தொடரலாம். உங்கள் மாத்திரை அட்டையில் 25 மி.கி. என்றிருந்தால் அது முதல் வகை, 300 மி.கி. என்றிருந்தால் இரண்டாம் வகை. அட்டையை மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பரிசோதனையும் இந்த வைரஸ் எதிர்ப்பு மருந்துகளும் அரசுச் சிகிச்சை மையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவுக்கு அஞ்சி வைரஸ் அளவைப் பார்க்காமல் விட வேண்டியதில்லை.

எண்கள் ஏறும்போது: மருந்தா, வைரஸா, வேறொன்றா

பசியே இல்லாமை, இனம்தெரியாத களைப்பு, குமட்டல், வலது விலாவின் கீழ் கனம், உடல் அரிப்பு, கடும் நிறச் சிறுநீர், வெளிறிய மலம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை எடுக்கும்முன் மருத்துவரைக் கேளுங்கள். அதே நாளில் தொடர்புகொள்ள முடியாவிட்டால், காசநோய் மாத்திரையாக இருந்தாலும் ஒரு நாள் நிறுத்திவைத்து மறுநாள் ரத்தம் கொடுப்பதால் கேடில்லை. தூக்கம் தலைகீழாகிப் பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் குழப்பம், கை நடுக்கம், ஈறில் ரத்தம், நிற்காத வாந்தி ஆகியவை கல்லீரல் செயலிழப்பின் அடையாளங்கள். மறுநாள் வரை காத்திராமல், கல்லீரல் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டியவை அவை. மருந்தால் எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கைத் தாண்டி, அதனுடன் பிலிருபினும் மேல்வரம்பின் இரண்டு மடங்கைத் தாண்டினால், பத்தில் ஒருவர் வரை இறக்கவோ மாற்றுக் கல்லீரல் தேவைப்படவோ கூடும் என்று அமெரிக்க மருத்துவர் ஹைமன் சிம்மர்மன் கண்டறிந்த விதி இன்றும் மருத்துவர்களின் அளவுகோலாக இருக்கிறது.

அறிக்கையை வைத்துக் காரணத்தை ஓரளவு ஊகிக்க ஒரு கணக்கு உண்டு. எஸ்.ஜி.பி.டி.யை அதன் மேல்வரம்பாலும், அல்கலைன் பாஸ்படேஸை அதன் மேல்வரம்பாலும் வகுத்து, முதல் விடையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் கல்லீரல் செல்களின் சிதைவு; இரண்டோ அதற்குக் கீழோ வந்தால் பித்தத் தேக்கம்; இடைப்பட்டது கலவை. எடுத்துக்காட்டாக, மேல்வரம்பு 40 உள்ள எஸ்.ஜி.பி.டி. 200 என்றும், மேல்வரம்பு 120 உள்ள அல்கலைன் பாஸ்படேஸ் 360 என்றும் வந்தால், ஐந்தை மூன்றால் வகுக்க 1.7 அளவில் கிடைக்கும். இது பித்தத் தேக்கம். வைரஸ் சீறி எழும்போது பொதுவாகச் செல் சிதைவு வகைதான் தோன்றும். ஆகவே மூன்று வாரத்துக்கு முன் 625 மாத்திரை எடுத்த ஹெபடைடிஸ் பி நோயாளிக்குப் பித்தத் தேக்கம் காணப்பட்டால், பித்தக்குழாயில் அடைப்பில்லை என்று ஸ்கேனில் உறுதியானபின், குற்றவாளி அந்த மாத்திரைதான் என்று பெரும்பாலும் துணியலாம். ஐசோனியசிட் உண்டாக்குவது செல் சிதைவு வகையே என்பதால், அங்கே இந்தக் கணக்கு உதவாது. வைரஸ் அளவைப் பார்த்தே பிரிக்க வேண்டும். வைரஸ் அளவு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் சந்தேகம் வைரஸின் பக்கம் சாய்கிறது.

மருந்து, பழைய வைரஸ் என்ற இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுவது நம் நாட்டில் பெரும் பிழை. குடிநீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஈ-யும் ஏ-யும் இங்கே சாதாரணமாகக் காணப்படுபவை. நாட்பட்ட பி அல்லது சி உள்ளவருக்கு ஆன்டிபயாடிக் எடுக்கும் வேளையில் ஈ வைரஸும் தொற்றினால், பழி மருந்தின் மேல் விழுந்து, தேவையான மருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டுவிடும். ஹெபடைடிஸ் ஈ, ஏ இரண்டும் புதிதாகத் தொற்றியிருக்கின்றனவா என்று காட்டும் ஐ.ஜி.எம். பரிசோதனையையும், பி உள்ளவர்களுக்கு அதனோடு சேர்ந்தே தொற்றும் டெல்டா (ஹெபடைடிஸ் டி) வைரஸ் பரிசோதனையையும் செய்யும்படி கேளுங்கள். சிக்கலான தொற்றில் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் தரப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். மூளைக் காசநோய்க்கு வாரக்கணக்கில் தரப்படும் ஸ்டீராய்டு, அடங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸை எழுப்பிவிடக்கூடியது; அத்தகையவர்களுக்கு ஸ்டீராய்டு தொடங்கும்போதே டெனோஃபோவிரோ என்டெகாவிரோ பாதுகாப்பாகத் தரப்பட வேண்டும்.

காமாலை கண்டதும் எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடும் வழக்கத்தால் நேரும் ஒரு விபரீதத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆன்டிபயாடிக்கை நிறுத்தும்போது ஹெபடைடிஸ் பி-க்கான டெனோஃபோவிரையோ என்டெகாவிரையோ சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். அவற்றைத் திடீரென நிறுத்தினால் அடங்கிக் கிடந்த வைரஸ் சீறி எழுந்து, மருந்தால் ஏற்கெனவே புண்பட்ட கல்லீரலை முழுதாகச் செயலிழக்கச் செய்துவிடும். மருத்துவமனையில் சேர்க்கப்படும் நாளில்கூட அந்த மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய்ச் செவிலியரிடம் காட்டி, தொடருவதை உறுதி செய்யுங்கள்.

கூடவே எடுக்கப்படும் மற்றவை

சிகிச்சை முடியும்வரை மது ஒரு துளியும் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். நாளொன்றுக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது, அதாவது 500 மி.கி. மாத்திரை நான்குக்கு மேல் ஆகாது. சளிக்கான கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் ஒளிந்திருப்பதால் அட்டையைப் படித்துப் பாருங்கள். சிரோசிஸ் உள்ளவர்கள் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை விலக்க வேண்டும். காசநோய் மாத்திரையோடு சேர்த்துத் தரப்படும் சிலிமரின் முதலிய கல்லீரல் டானிக்குகள் பாதிப்பைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவற்றை எடுப்பதால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடலாம் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

நம் வீடுகளில் காமாலை என்றதும் முதலில் கைபோவது கீழாநெல்லியிடம்தான். ஹெபடைடிஸ் பி-க்கு அது பலனளிப்பதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது; பின்னர் பிற இடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. மரபின் மீதுள்ள மதிப்பு குறையாமலே இதை ஏற்றுக்கொள்ளலாம். கோவிட் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்காகப் பரவலாக உண்ணப்பட்ட சீந்தில் கொடியால் கல்லீரல் அழற்சி வந்த நிகழ்வுகளை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் எடுக்கும் காலத்தில் கசாயம், லேகியம், சூரணம், புரதப் பொடி எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால், திட்டுவார்களோ என்று அஞ்சாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதை மறைத்தால் தவறான மருந்து குற்றவாளியாகிவிடும்.

குணமான பிறகு

பாதிப்பு எந்த மருந்தால் வந்தது என்று மருத்துவர் முடிவு செய்தாரோ, அதன் வேதிப் பெயரைக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். வணிகப் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. அதே மருந்து வேறு பல பெயர்களில் விற்கப்படுகிறது. அதே மருந்து மீண்டும் உடலில் புகுந்தால் பாதிப்பு முன்னிலும் விரைவாகவும் கடுமையாகவும் வரக்கூடும். காசநோய் மருந்துகளை மட்டுமே, வேறு வழியில்லாத காரணத்தால், மேற்சொன்ன முறையில் மருத்துவக் கண்காணிப்புடன் மீண்டும் முயல்கிறார்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவைத்து வீட்டில் ஒருவருக்காவது அனுப்பிவிடுங்கள். மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போகும் நாளில் உங்களால் சொல்ல முடியாது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளும் இப்பாதிப்பைத் தெரிவிக்கலாம்.

எஸ்.ஜி.பி.டி.யும் பிலிருபினும் உங்கள் பழைய தொடக்க அளவுக்குத் திரும்பும்வரை முதலில் வாரம் ஒருமுறையும், இறங்கத் தொடங்கியபின் மாதம் ஒருமுறையும் பரிசோதியுங்கள். பித்தத் தேக்க வகை வடிய ஒன்றிரண்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். அந்தக் காலத்தில் அரிப்பைத் தணிக்க மருந்துண்டு, பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆறு மாதம் கடந்தும் எண்கள் இறங்காவிட்டால், மருந்தின் பாதிப்பு நீடிக்கிறதா, வைரஸுக்கான சிகிச்சையைத் தொடங்கவோ மாற்றவோ வேண்டுமா, நோயெதிர்ப்பு அமைப்பே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று அறியக் கல்லீரல் மருத்துவர் திசுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம். அதற்குச் செல்லும்போது முதல் நாள் முதலான அறிக்கைகள் அத்தனையும், மருந்து தொடங்கிய தேதியும் நிறுத்திய தேதியும் குறித்த தாளும் கையில் இருக்கட்டும்.